பேழையும் பட்டறையும்: மாத்தளை மாவட்டத்து நூதனசாலைகளும் கைவினைக் களங்களும்

சென்னையில் 1851 ஆம் ஆண்டு நிறுவப்பெற்ற அரசினர் நூதனசாலையை அந்நகரத்துப் பாமர மக்கள் நெடுங்காலமாகச் 'செத்த காலேஜ்' என்றே வழங்கி வந்தனர். அதனைச் சார்ந்து தோன்றிய விலங்குக் காட்சிச்சாலையோ அவர்கள் வாயில் 'உயிர்க் காலேஜ்' ஆயிற்று. கற்றோர் இவ்வழக்கினைக் கேட்டு நகைப்பதுண்டு. எனினும் நூதனசாலை என்னும் நிலையத்தின் இயல்பினை இத்துணைச் சுருக்கமாகவும் செம்மையாகவும் எடுத்துரைத்த பெயர் வேறொன்று உண்டோ என்பது ஐயமே. இலங்கைத் தமிழர் வழங்கும் 'நூதனசாலை' என்னும் சொல்லும் சிறிது வேடிக்கையானதே. பழமையே நிறைந்திருக்கும் மண்டபத்துக்குப் புதுமையின் பெயர் வந்து வாய்த்தது. அங்குள்ளவை புதியன அல்ல. காண்போனுக்கு அவை புதுமையாகத் தோன்றுகின்றன என்பதே அப்பெயரின் கருத்தாதல் வேண்டும்.

பழைய பொருள்களுக்குச் செத்த கல்லூரி உண்டு. அவற்றைச் செய்யும் தொழிலுக்கு உயிர்க் கல்லூரி எங்கே உளது? இவ்வினாவிற்கு விடை தேடப் புகுவோர் கடல் கடந்து செல்ல வேண்டியதில்லை. மாத்தளை மாவட்டத்தில், கண்டி நோக்கியும் தம்புள்ளை நோக்கியும் செல்லும் ஒரே நெடுஞ்சாலையின் இருமருங்கிலும் இவ்விருவகைக் கல்லூரிகளும் அமைந்துள்ளன. ஒன்றைக் கண்டு மற்றொன்றைக் காணாது திரும்புவோர் பாதிப் பாடத்தையே கற்றவராவர்.

கொழும்பு நூதனசாலை, ஆள்பதி வில்லியம் கிறெகறியின் முயற்சியால் 1877 சனவரி 1 ஆம் நாள் திறக்கப்பெற்றது. கண்டியில், அரசியர் வாழ்ந்த பள்ளே வாகல என்னும் மாளிகையிலமைந்த நூதனசாலை 1942 இல் பொதுமக்கள் பார்வைக்கு வந்தது. கண்டி அரசுக் காலத்துக் கைவினைப் பொருள்களைக் காண விழையும் மாத்தளை மாணாக்கனுக்கு அதுவே அண்மையிலுள்ளது. அத்தகைய மண்டபங்களில் கண்ணாடிப் பேழைக்குள் அரக்கு வேலை செய்த ஈட்டிக் காம்பும், ஆலவட்டக் காம்பும், கைத்தடியும், வெற்றிலைக்குரிய சுண்ணாம்புச் செப்பும், ஏட்டுச் சுவடியை இரு புறமும் காக்கும் மரப்பலகையும் வைக்கப்பட்டிருப்பதைக் காணலாம். சிவப்பு, மஞ்சள், கறுப்பு, பச்சை என நான்கே நிறங்கள். அவற்றுள் தாமரையிதழ், சங்கிலி, கோணல் வரி முதலிய கோலங்கள். பேழையின் அடியில் ஒட்டியுள்ள சீட்டு பொருளின் பெயரையும் காலத்தையும் கூறும். மயிரிழை போன்ற அம்மஞ்சள் வரி சிவப்பு நிலத்தின் மேல் எவ்வாறு வந்தமர்ந்தது என்பதை அச்சீட்டுக் கூறுவதில்லை. தூரிகையால் தீட்டியதென்றே பலரும் எண்ணி அப்பால் செல்வர். அஃது ஓவியமன்று, அங்குத் தூரிகைக்கு வேலையே இல்லை.

உண்மையை அறிய மாத்தளை மாவட்டத்து ஹபுவிட என்னும் சிற்றூருக்குச் செல்லுதல் வேண்டும். சிங்களத்தில் 'நியபொத்த' என்பது விரல் நகத்தைக் குறிக்கும். ஹபுவிட அரக்குத் தொழிலுக்கு 'நியபொது வேலை' என்பது பெயர். பெருவிரல் நகமே இத்தொழிலின் தலையாய கருவி. அதனைத் தொழிலாளி வேண்டுமென்றே நீள வளர்த்திருப்பான்.

அரக்கு என்பது மரத்தின் பாலன்று. மிகச் சிறிய பூச்சியினம் ஒன்று மரக்கிளைகளை அடைந்து, சாற்றை உறிஞ்சி, தன் உடலைச் சுற்றிக் கசியவிடும் பிசினே அரக்காகும். பூச்சிகள் பல்லாயிரமாய் மொய்த்திருத்தலின், 'இலாட்சா' என்னும் வடசொல்லையும் நூறாயிரத்தைக் குறிக்கும் 'இலட்சம்' என்பதனையும் தொடர்புபடுத்திக் கூறுவாரும் உளர். பிசின் படிந்த கிளைகளை ஒடித்து, அரக்கைப் பெயர்த்து இடித்து, நீண்டு ஒடுங்கிய துணிப்பையில் இட்டுக் கரிநெருப்பின் மேற்பிடித்து முறுக்குவர். வெம்மையால் இளகிய அரக்குப் பையின் இழைகளூடே கசிந்து வெளிவரும். கழிவு உள்ளே தங்கும். இளகிய அரக்கில் நிறப்பொடியைச் சேர்த்து, இரு கோல்களிற் சுற்றி இழுத்தும் மடித்தும் அடித்தும், நிறம் எங்கும் ஒருபடித்தாகப் பரவும்வரை பிசைவர். மிட்டாய்க்காரன் சர்க்கரைப் பாகை இழுப்பதைக் கண்டோர்க்கு இக்காட்சி புதிதாகத் தோன்றாது.

பண்டைக் காலத்தில் சிவப்பிற்குப் பயன்பட்டது சாதிலிங்கம். சிங்களக் கைவினைஞரும் இப்பெயராலேயே அதனை வழங்கினர் என்பது நோக்கற்பாலது. மஞ்சளுக்கு அரிதாரம்; அரிதாரத்துடன் அவுரி நீலம் கலப்பின் பச்சை. நம் மருத்துவ நூல்களைப் பயின்றோர் இப்பெயர்களைப் பாடாணங்களின் வரிசையிற் கண்டிருப்பர்.

இனித் தொழிலாளி செய்யும் வேலையைக் காண்போம். அவன் முன் கரிநெருப்புச் சட்டி ஒன்று. அருகே நிறந்தோறும் ஓர் அரக்குக் கோல். முதலில் மரத்தைக் கடைந்து செப்பமாக்கி, அதனை நெருப்பிற் காட்டிச் சூடேற்றி, நிலத்திற்குரிய சிவப்பரக்கை மெல்லிய போர்வையாகப் பூசிக்கொள்கிறான். பின்னர் மஞ்சளரக்கை இளக்கி, நுனியைப் பற்றி இழுக்கிறான். அது நூலாக நீள்கிறது. இழுக்கும் விரைவும் அரக்கின் வெம்மையும் ஒத்து நின்றாலன்றி நூல் ஒரே தடிப்பில் அமையாது. வெம்மை மிகின் அறும், குறையின் ஒடியும். அந்நூலைச் சூடான மரத்தின் மேல் வளைத்து வளைத்துப் படியவைத்து, வேண்டிய இடம் வந்ததும் பெருவிரல் நகத்தால் அழுத்தி நறுக்குகிறான். கோலம் முன்னரே வரையப்பட்டிருப்பதில்லை. அளவுகோலும் இல்லை. கோலம் முழுதும் முடிந்தபின் பொருளை மறுபடியும் அனலிற் காட்டி, ஓலை நறுக்கினால் தேய்த்து வழவழப்பாக்குகிறான். நூல் நிலத்தோடு ஒன்றித் தூரிகை வரிபோல் தோன்றுவது அப்பொழுதுதான்.

இத்தொழிலில் மற்றொரு முறையும் இலங்கையில் உண்டு. தென்னிலங்கையில், தங்காலைப் பக்கத்து அங்குல்மடுவ போன்ற ஊர்களில், மரத்தைக் கடைசற் பொறியிற் சுழலவிட்டு அரக்குக் கோலை அதன் மேல் அழுத்துவர். உராய்வின் சூட்டினால் அரக்கு இளகி மரத்திற் படியும். கருநாடகத்துச் சென்னபட்டணப் பொம்மைகளும் அம்பாசமுத்திரத்துச் சொப்புச் சாமான்களும் இவ்வழியினவே. சென்னபட்டணத்தார் தாழை மடலால் தேய்த்து மெருகிடுவர். இம்முறையில் வளையங்களும் பட்டைகளும் எளிதில் அமையும். வேலையும் விரைவில் முடியும். நகவேலையின் நுண்கோலங்கள் அதற்குக் கைவரா.

தமிழர்க்கு அரக்கு அயலான பொருளன்று. பாண்டவரை எரிக்கத் துரியோதனன் சமைப்பித்த அரக்கு மாளிகையை அறியாத சிறுவன் இல்லை. பொற்கொல்லர் அணிகலன்களின் உட்கூட்டை அரக்கால் நிரப்புவதும், ஓலைக்கும் கடிதத்துக்கும் அரக்கு முத்திரை இடுவதும் நெடிய வழக்கங்கள். எனினும் யப்பானியரின் புகழ்பெற்ற அரக்கு வேலையும் இதுவே என எண்ணுதல் தவறு. அங்கே 'உருஷி' எனப்படுவது ஒரு மரத்தைக் கீறி வடிக்கும் பால். பத்து ஆண்டுக்கு மேல் வளர்ந்த மரம் ஒன்றினின்று ஏறத்தாழ 200 கிராம் அளவே கிடைக்கும். பண்படாத நிலையில் தோலிற் பட்டாற் கடும் அரிப்பை உண்டாக்கும். நம் அரக்கு வெம்மையால் இளகிக் குளிர்ந்து இறுகுவது. உருஷியோ ஈரப்பதம் மிகுந்த அறையில் வைத்தாலன்றி இறுகாது. காற்றிலுள்ள உயிர்வாயுவுடன் நொதியொன்றின் துணையாற் சேர்ந்து கடினமாகும் வேதியல் மாற்றம் அது. ஒருமுறை இறுகியபின் அனலுக்கும் இளகாது. ஆங்கிலத்தில் இரண்டிற்கும் ஒரே சொல் வழங்குவதால் நூதனசாலைச் சீட்டுகளிற்கூட இவ்வேறுபாடு மயங்கிவிடுகின்றது.

கண்டி அரசில் அரக்குத் தொழிலாளர் 'ஈவடுவோ' எனப்பட்டனர்; அம்புத் தச்சர் என்பது பொருள். அம்பும் ஈட்டியும் செய்வித்து, அவற்றின் காம்புகளை அரக்கால் அணிசெய்வித்த அரசு, அதற்கு ஈடாக நிலம் வழங்கியது. இராசகாரியம் எனப்பட்ட இம்முறை சாதிக் கட்டோடு பிணைந்தது. அதன் கொடுமைகளை மறைத்தல் தகாது. ஆயினும் தொழிலாளியின் உணவுக்கு அது வழி செய்திருந்தது. 1815 இல் கண்டி அரசு வீழ்ந்தது; 1832 இல் இராசகாரியம் ஒழிக்கப்பெற்றது. அம்பு கேட்போர் இல்லை. கொடிக்காம்பு கேட்கும் கோயில்களும் வளவுகளும் மெலிந்தன. தொழில் நிலத்தை இழந்து சந்தையை நம்பி நிற்கலாயிற்று.

இந்நிலையில் அதனைக் கண்டெழுதியவர் ஒரு தமிழரின் மைந்தர். சேர் முத்துக் குமாரசுவாமிக்கும் ஆங்கிலப் பெண்மணி ஒருவருக்கும் 1877 இல் கொழும்பிற் பிறந்த ஆனந்த குமாரசுவாமி, கனிப்பொருளாய்வுப் பணியின் தலைவராக இந்நாட்டு மலைநாட்டூர்களிற் சுற்றியவர். பாறைகளை ஆராய வந்தவர் கண்கள் பட்டறைகளின் மேற் படிந்தன. அரக்குத் தொழிலாளி, ஓவியன், கொல்லன், பாய் முடைவோன் ஆகியோரிடம் அமர்ந்து அவர்தம் கருவி, கலவை, கோலப் பெயர் யாவற்றையும் குறித்துக்கொண்டு, 1908 இல் 'இடைக்காலச் சிங்களக் கலை' என்னும் பெருநூலை வெளியிட்டார். அந்நூலுக்குரிய ஒளிப்படங்கள் பல அவர் துணைவியார் எதெல் எடுத்தவை. 1917 இல் அவர் அமெரிக்காவிலுள்ள பொஸ்ரன் கலை நூதனசாலையிற் பணியேற்று, 1947 இல் மறையும் வரை ஆங்கிருந்தார். யப்பானுக்கு வெளியே யப்பானியக் கலைப்பொருள்கள் மிகுதியாகத் திரண்டிருக்கும் இடங்களுள் அதுவும் ஒன்று. முப்பதாண்டுக் காலம் நூதனசாலைக் காப்பாளராய் வாழ்ந்த அவரே 'கலைப்பொருள்களை ஏன் காட்சிக்கு வைக்க வேண்டும்?' என்னும் வினாவையும் எழுப்பிக் கட்டுரை வரைந்தார். பேழையில் வைக்கப்பட்ட எப்பொருளும் பேழைக்கென்று செய்யப்பட்டதன்று, பயன்பாட்டிற்கெனச் செய்யப்பட்டது என்பது அவர் கொள்கை. ஹபுவிடவைக் கண்டவர்க்கு இவ்வினா எழாதிருந்தாற்றான் வியப்பு.

மாத்தளை நகரினின்று வடக்கே ஏறத்தாழ மூன்று கிலோமீற்றரில் அளுவிகாரை உள்ளது. கி.மு. முதலாம் நூற்றாண்டில், வலகம்பா மன்னன் காலத்தில், அதுவரை வாய்மொழியாகவே ஓதப்பட்டு வந்த பௌத்த திரிபிடகம் இக்குகைகளிலே ஏட்டில் எழுதப்பெற்றது என்பது மரபு. அதற்குக் காரணமாகக் கூறப்படுவது பஞ்சமும் போரும். ஓதுவோர் மடிந்தனர், ஒரு நூலை மனப்பாடமாக அறிந்த பிக்கு ஒருவரே எஞ்சியிருந்த நிலையும் நேர்ந்ததாம். ஒரு மனிதரின் மூச்சோடு ஒரு நூலே நின்றுபோகும் என்று அஞ்சிய பிக்குகள் எழுத்தாணியைக் கையிலெடுத்தனர். 1848 ஆம் ஆண்டு மாத்தளைக் கிளர்ச்சியின்போது அவ்விகாரையின் ஏட்டுச் செல்வம் ஆங்கிலப் படையினரால் அழிவுற்றது. எழுதியதும் அழியக்கூடும் என்பதற்கு அதுவே சான்று.

இக்காலத்தில் அளுவிகாரைக்குச் செல்வோர் தாளிப்பனை ஓலையில் எழுதும் முறையை நேரிற் காணலாம். ஓலையை அவித்து, உலர்த்தி, மெருகிட்டு, கூரிய எழுத்தாணியாற் கீறுவர். கீறிய மாத்திரத்தில் எழுத்துப் புலப்படாது. குங்கிலிய எண்ணெயிற் கரி குழைத்துப் பூசித் துடைத்தபின் கீற்றுகள் மட்டும் கருமை கொண்டு எழுத்துகள் தோன்றும். மஞ்சளும் இலைச்சாறும் விளக்குக் கரியும் கொண்டு நம் முன்னோர் ஏட்டிற்கு 'மையாடிய' வழக்கத்தை இது நினைவூட்டும். வெறும் ஓலையில் எழுத்து முளைக்கும் அக்கணத்தில் சிறுவர் முகத்திற் பிறக்கும் வியப்பை எந்தப் பேழையும் விளைத்ததில்லை.

அவ்வூரிலேயே, பற்றிக் ஓவியத் துணிகளாற் பெரும்புகழ் பெற்ற ஏனா த சில்வா (1922–2015) 1980களில் தம் முன்னோரூருக்கு மீண்டு, கிராமத்துப் பெண்களையும் இளைஞரையும் கொண்டு துணிவேலை, தையல், மரவேலை, பித்தளை வார்ப்பு ஆகியவற்றிற்கு ஒரு மரபுரிமை நிலையத்தை வளர்த்தார். மெழுகு தடவிச் சாயமிடும் பற்றிக் முறை யாவகத்துச் சரக்கு, இலங்கை மரபன்று எனக் குறை கூறுவோர் உண்டு. அக்குறையைப் பெரிதாகக் கொள்ள வேண்டியதில்லை. கைவினைகள் யாவும் எங்கிருந்தோ வந்தவையே. வந்த இடத்தில் அவை வேரூன்றினவா என்பதே நோக்கற்பாலது.

நெடுஞ்சாலை வழியே மேலும் வடக்கே சென்றால் நாலந்தா கெடிகே. பல்லவர் கட்டடப் பாணியை ஒத்த இக்கற்கோயில், போவத்தென்ன நீர்த்தேக்கத்தில் மூழ்கும் நிலை எய்தியபோது, கல் கல்லாகப் பிரிக்கப்பட்டு உயர்ந்த இடத்தில் மீண்டும் எழுப்பப்பெற்றது. கல்லுக்கு எண் இட்டு வைத்தாற் போதும்; கோயில் திரும்பவும் எழும். கையிலுள்ள திறனுக்கு எண் இடுவது எங்ஙனம்?

தம்புள்ளையில் இலங்கைச் சுவரோவியங்களின் வரலாற்றைப் படிகள் வாயிலாக விளக்கும் நூதனசாலை ஒன்றுண்டு. குகை விகாரையை மட்டும் கண்டு திரும்புவோர் இதனைத் தவறவிடுகின்றனர். படிதானே எனப் புறக்கணித்தல் நன்றன்று. மூலத்தைப் பார்த்துப் படியெடுத்த ஓவியனின் கை ஒவ்வொரு வரியையும் மறுபடி நடந்து பார்த்த கை. சீகிரியாவில் 2009 இல் திறக்கப்பெற்ற நூதனசாலை யப்பானிய நிதியுதவியால் எழுந்தது. காசியப்பன் கோட்டையின் நீர்ப்பாசன நுட்பங்களையும் அகழ்வுப் பொருள்களையும் ஆங்குக் காணலாம்.

யப்பானியர் தம் நாட்டில் இச்சிக்கலை எங்ஙனம் எதிர்கொண்டனர் என்பது அறியத்தக்கது. பழைய தலைநகராகிய கியோத்தோவில் 1897 இல் திறக்கப்பெற்ற பெரிய நூதனசாலை ஒன்று உளது. நம் நாட்டு நூதனசாலைகளைப் போன்றே அதுவும் பேழைகள் நிறைந்தது. அதனோடு அமையாது, 1996 இல் அந்நகரத்து மரபுக் கைவினைகளுக்கெனத் தனி நிலையம் ஒன்றைத் தொடங்கினர். 74 வகைத் தொழில்களின் பொருள்களை ஆங்கு முறைப்படுத்தி வைத்திருப்பதோடு, கைவினைஞர் வந்தமர்ந்து தொழில் செய்வதைக் காணவும் இடஞ்செய்துள்ளனர். செத்த கல்லூரிக்குள்ளேயே உயிர்க் கல்லூரியின் ஓர் அறை!

இதனிலும் முதன்மையானது சட்டம். 1950 இல் இயற்றப்பெற்ற பண்பாட்டுச் சொத்துப் பாதுகாப்புச் சட்டத்தில், கோயிலும் சிலையும் மட்டுமன்றித் தொழில் திறனும் காக்கத்தக்க சொத்தாக ஏற்கப்பட்டது. 1955 முதல் அத்திறனுடைய மனிதர்களையே தெரிந்தெடுத்துச் சிறப்பித்தனர். மக்கள் இவர்களை 'வாழும் தேசியச் செல்வங்கள்' என்பர். ஆண்டுதோறும் 20 இலட்சம் யென் உதவித்தொகை பெறும் இவர்கள் அடுத்த தலைமுறையைப் பயிற்றவும் கடமைப்பட்டவர்கள். ஈசே என்னும் திருத்தலத்தில் இருபதாண்டுக்கு ஒருமுறை கோயிலையே புதிதாகக் கட்டுகின்றனர். 2013 இல் நடைபெற்றது 62 ஆவது கட்டுமானம். கோயிலுக்குரிய வாளும் ஆடையும் அணியும்கூடப் புதிதாகவே செய்யப்படும். தச்சன் ஒருவன் தன் வாழ்நாளில் இருமுறையாவது அப்பணியிற் பங்குகொள்ள வாய்ப்புண்டு. முதன்முறை கற்போனாக, அடுத்தமுறை கற்பிப்போனாக.

யப்பானில் யாவும் செழித்துள்ளன எனக் கருதிவிடலாகாது. கிமோனோ உடுப்போர் அருகியதால் கியோத்தோவின் நிஷிஜின் நெசவு பெரிதும் சுருங்கிவிட்டது. 2024 சனவரி 1 ஆம் நாள் நோட்டோ நிலநடுக்கத்தில், உருஷி வேலைக்குப் பெயர்பெற்ற வாஜிமா நகரின் பட்டறைகள் பல இடிந்தும் எரிந்தும் போயின. சட்டமும் செல்வமும் உள்ள நாட்டிலேயே நிலை இதுவாயின், நம் நிலையைக் கூற வேண்டுமோ?

இலங்கையில் அரசு கைவிட்டதென்று கூற இயலாது. 1982 ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே தேசிய அருங்கலைகள் பேரவை ஏற்பட்டது. விற்பனைக்கு லக்சல நிலையங்கள் உள்ளன. கண்டிப் பக்கத்துத் தும்பரைப் பாய் நெசவு 2021 இல் யுனெஸ்கோவின் மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றது. ஆயினும் ஹபுவிடவில் நகவேலையைத் தொடரும் குடும்பங்கள் விரல்விட்டு எண்ணத்தக்கனவே. உல்லாசப் பயணிகள் வாங்கும் கைத்தடியை நம்பிய தொழிலுக்கு 2019 உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலும், 2020 இன் பெருந்தொற்றும், 2022 இன் பொருளாதார நெருக்கடியும் ஒன்றன்பின் ஒன்றாக வந்த அடிகள். தம்புள்ளைச் சந்தையில் மூட்டை ஏற்றும் இளைஞனுக்கு அன்றைய கூலி அன்றே கிடைக்கின்றது. அரக்கு வேலை கற்பவனோ நூல் ஒரே தடிப்பில் வருவதற்கே நீண்ட காலம் காத்திருத்தல் வேண்டும். செய்த பொருள் விலைபோக மேலும் காத்திருத்தல் வேண்டும். இளைஞன் மூட்டையைத் தெரிந்துகொள்வதைப் பழித்தல் எவர்க்கும் தகாது.

பாடசாலைகள் ஆண்டுதோறும் மேற்கொள்ளும் கல்விச் சுற்றுலாக்களில் நூதனசாலை தவறாது இடம்பெறுகின்றது. மாணவர் வரிசையாய் நின்று, பேழைச் சீட்டைக் குறிப்பேட்டிற் பெயர்த்தெழுதி, அரைமணியில் வெளியேறுவர். ஹபுவிட போன்ற ஊர் அப்பட்டியலில் அரிதாகவே காணப்படும். சென்றாலும் முன்னறிவிப்பின்றிச் செல்வதாற் பயனில்லை. அடுப்பு மூட்டி அரக்கு இளகி வேலை தொடங்குவதற்கே நேரம் செல்லும். ஐம்பது பேர் ஒருங்கே சென்றால் நெருப்புச் சட்டியைச் சூழ நிற்க இடமிராது; பத்துப் பேராய்ப் பிரிந்து செல்வதே தக்கது. சென்றோர் விலையைக் குறைத்துக் கேட்குமுன், அச்செப்பினைச் செய்ய எத்தனை நாள் சென்றதெனக் கேட்டறிதல் நலம். தொழிலாளி இசைந்தால், இளகிய அரக்கை ஒருமுறை இழுத்துப் பார்க்கவும் கேட்கலாம். நூல் அறுந்துபோகும், இரண்டாம் முறையும் அறும். அதன்பின் கண்டி நூதனசாலைக்குச் சென்று அதே பேழையின் முன் மீண்டும் நிற்பவன், சீட்டைப் படிப்பதற்கு முன்னர் அம்மஞ்சள் வரியையே நெடுநேரம் பார்த்துக்கொண்டிருப்பான்.